தங்க ஃபாயிலா, வெல்வெட் அட்டையா? கோத்தகிரி வாசகிக்கு ஒரு பதில்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவரும் கணவரும் சொந்தத் தோட்டத்து இலையை வைத்துச் சிறிய அளவில் கிரீன் டீயும் ஒயிட் டீயும் செய்கிறார்கள். கூடவே நான்கு அறைகளோடு ஒரு ஹோம்ஸ்டே. இரண்டு வருடம் முன்பு மூன்றாக மடிக்கிற பிரோஷர் ஒன்றை 1000 பிரதி அச்சடித்தார்கள்: 170 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) ஆர்ட் பேப்பர், அதாவது பூச்சுப் போட்ட வழவழப்பான தாள், வெளிப்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பு இல்லாத பிளாஸ்டிக் ஃபிலிம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரவேற்பு மேசையில் வைத்ததெல்லாம் சுருண்டுகொண்டது. கொழுந்தின் பச்சையும் மங்கி, பழுப்படித்து வந்திருந்தது. அச்சகம் ஏமாற்றிவிட்டது என்று நினைத்து, பாக்கியில் ஒரு பகுதியை இன்னும் தராமல் வைத்திருக்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றும் கேட்கிறார்.

இப்போது ஏ5 அளவில் 20 பக்கப் புத்தகமாகப் போட ஆசை. தேயிலை வாங்குவோருக்கும் அதையே கொடுக்கலாம், விருந்தினருக்கும் அதையே கொடுக்கலாம் என்பது திட்டம். டிசைனர் கொடுத்திருக்கும் பட்டியல் பெரிது. 350 ஜிஎஸ்எம் அட்டை, வெல்வெட் மாதிரி இருக்கும் சாஃப்ட் டச் லேமினேஷன், பெயருக்குத் தங்க ஃபாயில் (மினுக்கும் மெல்லிய தகடு), அட்டையில் வரும் பனிமூட்டப் படத்துக்கு ஸ்பாட் யூவி (அந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு), ஓரம் முழுக்க நீலகிரித் தோடர் பழங்குடியினரின் எம்பிராய்டரி வடிவம் சிவப்பு ஃபாயிலில் எம்பாஸ் (புடைப்பாக), மேல் மூலை இலை வடிவத்தில் டை கட்டிங் (அச்சு வைத்து வெட்டுவது), பின் அட்டையில் டீ போர்டின் நீலகிரி லோகோ. தம்பியோ உள்பக்கமும் 300 ஜிஎஸ்எம் போட்டால்தான் தரமாக இருக்கும் என்கிறார். சிவகாசி, கோவை, ஊட்டி என மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறார். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்திருக்கின்றன.

அன்புள்ள சகோதரி,

முதலில் பழைய கணக்கை முடித்துவிடுவோம், அது மனதில் இருக்கும்வரை புதிய வேலையில் யாரையும் நம்ப முடியாது.

பச்சை மங்கியதற்கு அச்சகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் நிறம் ஒளியாக வருகிறது, அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையைத் தாளில் வைத்து அதே நிறத்தைக் காட்டப் பார்க்கிறோம். வெயில் பட்ட கொழுந்தின் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் பச்சை இந்த நான்கு மைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும் படத்தை அப்படியே அனுப்பினால் மெஷின் தன் போக்கில் இந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே ஆக்கிக்கொள்ளும், பச்சைக்குள் மெஜந்தா கொஞ்சம் கூடினாலும் பழுப்படிக்கும். அதற்கு மேல் மேட் ஃபிலிம் ஒட்டினால் படத்தின் ஆழம் இன்னும் ஒரு படி அமுங்கும். இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது டிசைனரும் அச்சகமும்தான், அந்த அளவில் உங்கள் வருத்தம் நியாயம்.

சுருண்டதற்குக் காரணம் வேறு. தாள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து அகலமாகும், பிளாஸ்டிக் ஃபிலிம் இழுக்காது. ஒரு பக்கம் மட்டும் ஃபிலிம் இருந்தால் தாள் விரிய, ஃபிலிம் விரியாமல் பிடித்து இழுக்க, ஃபிலிம் பக்கமாகச் சுருளும். அச்சகத்தில் சுமார் 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்த தாள், உங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேரும் மாதங்களில் கிட்டத்தட்ட 100-ஐத் தொடும் காற்றில் உட்கார்ந்தால் வேறு எப்படி இருக்கும்? கோவையில் வைத்திருந்தால் அதே பிரோஷர் இந்த அளவுக்குச் சுருண்டிருக்காது.

நுகர்வோர் நீதிமன்றம் பற்றி: நான் வழக்கறிஞர் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குவது பொதுவாக வராது, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதற்கு விலக்கு உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிடிஎஃப் பார்த்து வாட்ஸ்அப்பில் நீங்களே "ஓகே" அனுப்பியிருக்கிறீர்கள், ஒரு பக்கம் லேமினேஷன் என்பதும் நீங்கள் ஒப்புக்கொண்ட விலைப்பட்டியலில் இருக்கிறது. தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், உங்கள் பக்கம் பலவீனம். பேசிப் பாக்கியை முடித்துவிடுங்கள்.

ஒரே புத்தகம் இரண்டு வேலை செய்யாது

டிசைனர் பட்டியலுக்குப் போகும் முன் ஒன்று. ஃபினிஷிங்கைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இது யார் கைக்குப் போகிறது, எங்கே கிடக்கப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி, அதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு பதில் இருக்கிறது.

தேயிலை வாங்க வருபவர் ஒரு பிரதியை வாங்கி, சாம்பிளோடு சேர்த்துப் பையில் வைத்து, ஊருக்குப் போய் மேசையில் பிரிப்பார். அவருக்குத் தொட்டுப் பார்க்கும் அனுபவம் முக்கியம், நல்ல தாள் முக்கியம், 300 பிரதி போதும். ஹோம்ஸ்டே விருந்தினர் ஈரக் கையோடு எடுப்பார், டீ கப்பை அதன் மேல் வைப்பார், குழந்தை மடிக்கும், பாதி பேர் அறையிலேயே விட்டுப் போவார்கள். கட்டணமும் சீசனுக்குச் சீசன் மாறும். இவருக்கு ஃபாயில் அடித்த புத்தகம் எதற்கு?

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். விருந்தினருக்கு ஒரே தாள், நடுவில் ஒரு மடிப்பு, 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், இரண்டு பக்கமும் அக்வஸ் கோட்டிங். அக்வஸ் என்பது தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு, ஃபிலிம் இல்லை. ஈரத்தை முழுதாகத் தடுக்காது, ஆனால் கை பட்டு மை தேய்வதைத் தடுக்கும், இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் போன முறை மாதிரி ஒரு பக்கம் இழுக்காது. பிளாஸ்டிக் விஷயத்தில் செக்போஸ்ட்டிலேயே பையைத் திறந்து பார்க்கும் மாவட்டம் உங்களுடையது, தோட்டத்தின் இயற்கை பற்றிப் பேசும் தாளை பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அறைக் கட்டணத்தை இதில் அச்சடிக்காதீர்கள், தனிச் சீட்டாகச் செருகுங்கள்.

மீதி எல்லாம் அந்த 300 பிரதிப் புத்தகம் பற்றி.

டிசைனர் கொடுத்த பட்டியல்

சாஃப்ட் டச்சில் எனக்கு மயக்கம் உண்டு, மறுக்கவில்லை, கையில் எடுத்தவர் கீழே வைக்க மாட்டார். ஆனால் நீங்கள் அனுப்பிய டிசைனில் படம் போக மீதி அட்டை முழுக்கக் கரும்பச்சை. அடர்ந்த நிறத்தின் மேல் சாஃப்ட் டச் ஒட்டினால் விரல் எண்ணெய் அப்படியே தெரியும், நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும், ஒன்றோடொன்று உரசி வந்த பார்சலில் முதல் நாளே பழசாகிவிடும். இதுவும் ஃபிலிம்தான், வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளேயும் ஒட்டலாம், அப்போது செலவும் கூடும், அட்டை முழுக்க பிளாஸ்டிக்கும் ஆகிவிடும்.

ஸ்பாட் யூவி பனிமூட்டப் படத்துக்கு வேண்டவே வேண்டாம். அது மேட் பரப்பில், அடர்ந்த நிறத்தின் மேல், தெளிவான விளிம்பு உள்ள உருவத்துக்கு அழகு. பனிக்கு விளிம்பு கிடையாது, கிட்டத்தட்ட வெள்ளை, அதில் பளபளப்பு பாதி கோணத்தில் தெரியாது, மீதி கோணத்தில் ட்யூப் லைட் பிரதிபலித்துப் படத்தையே மறைக்கும். பனிப்படம் நன்றாக வர வேண்டுமானால் செலவை வேறு இடத்தில் போடுங்கள். வெளிச்சப் பகுதியில் புள்ளிகள் வெளுத்துப் போகாமலும், ஒரு சாயலில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது வரிவரியாகத் தெரியாமலும் படத்தைத் திருத்தித் தரக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். மலைப்படங்களை அச்சில் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

ஃபாயில், எம்பாஸ் இரண்டும் உலோகப் பிளாக் செய்து அழுத்துகிற வேலை. பிளாக் செலவு 100 பிரதிக்கும் அதேதான், 1000 பிரதிக்கும் அதேதான், பிளாக்கின் அளவு பெரிதானால் கூடும். ஓரம் முழுக்க ஓடும் பார்டருக்கு அட்டை அளவுக்குப் பிளாக் வேண்டும், பெயருக்கு மட்டும் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும். இன்னொன்றை டிசைனர் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்: முன்பக்கம் புடைத்தால் பின்பக்கம் பள்ளமாகும். உங்கள் டிசைனில் முன் அட்டையின் உட்புறத்தில் குடும்பப் படமும் தோட்டத்தின் கதையும் இருக்கின்றன, எம்பாஸ் செய்த பார்டர் அங்கே தலைகீழ்ப் பள்ளமாக விழுந்து முகங்களின் மேல் கோடு போடும். எம்பாஸ் வேண்டுமானால் அந்த உட்புறத்தைக் காலியாக விடுங்கள்.

இலை வடிவ டை கட்டிங், வேண்டாம். பையில் போட்டு எடுக்கும்போது அந்த மூலைதான் முதலில் மடங்கும், மலைக் காற்றில் தளர்ந்த அட்டையில் இன்னும் சீக்கிரம்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம், கோட்டிங் இல்லாத, லேசான சொரசொரப்போடு கூடிய இள வெள்ளை போர்டு. லேமினேஷன் கிடையாது. அட்டையில் படமும் கிடையாது, இந்த மலையில் அச்சாகும் எல்லாப் பிரோஷரிலும் தேயிலைச் சரிவும் பனியும்தான் அட்டைப்படம், உங்களுடையது படம் இல்லாமல் இருந்தாலே தனியாகத் தெரியும். உங்கள் பெயர் மட்டும், மை இல்லாமல், உள்ளே அழுத்திய டிபாஸ். கீழே ஊர்ப் பெயர் சிறிய எழுத்தில் கரும்பச்சை மையில். படங்கள் எல்லாம் உள்ளே, 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பரில். கோட்டிங் இல்லாத தாளில் மை உறிஞ்சிப் படம் கறுத்து மங்கும், ஆகவே உள்ளே அதைப் போடாதீர்கள். இந்த அட்டை அழுக்காகும், டீக்கறை பட்டால் போகாது, அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இது 300 பேருக்குக் கையில் கொடுக்கப் போகும் புத்தகம், மேசையில் கிடக்கப் போவதில்லை.

தங்கம் இல்லாமல் மனம் ஆறவில்லை என்றால் டிபாஸுக்குப் பதில் அதே பெயரில் மட்டும் ஃபாயில் போடுங்கள். எழுத்தின் கோடுகள் அரை மில்லிமீட்டருக்கு மெலியாமல் இருக்கட்டும், சொரசொரப்பான போர்டில் மெல்லிய கோடு விட்டுவிட்டுத்தான் விழும். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் வேண்டாம்.

தோடர் எம்பிராய்டரி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பும் சிவப்புமாக வெள்ளைத் துணியில் இழை எண்ணித் தைக்கிற நுணுக்கம் அது. அந்த நுணுக்கத்தை ஏ5 அட்டையின் ஓரத்துக்குச் சுருக்கினால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும், ஃபாயில் அவற்றை நிரப்பி வெறும் சிவப்புப் பட்டையாக்கிவிடும். தொழில்நுட்பக் காரணம் இது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது, ஒரு சமூகத்தின் பெண்கள் தலைமுறையாகத் தைத்து வருவது. உங்கள் தேயிலைக்கும் அதற்கும் என்ன உறவு? அச்சடித்த வடிவத்துக்குச் சட்டம் என்ன சொல்லும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், இணையத்தில் இருந்து எடுத்து ஓரத்தில் ஓட்டுவது சரியில்லை. உண்மையிலேயே ஆசை இருந்தால் தைக்கிறவர்களிடமே பேசி, உரிய விலை கொடுத்து, சிறிய துணி அடையாளமோ புத்தகக் கயிறோ வாங்கி, அது யார் தைத்தது என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு வரி எழுதி உள்ளே வையுங்கள்.

கனம் கூடினால் தரம் கூடுமா

தம்பிக்குச் சொல்லுங்கள், ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். உள்பக்கமும் 300 போட்டு நடுவில் பின் அடித்தால் புத்தகம் மூடவே மூடாது. இன்னும் முக்கியமானது இழை ஓடும் திசை. தாளின் இழை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மடிப்பில் வெடிக்கும், ஈரத்தில் அலை அலையாக வளையும். அட்டைக்கு மடிக்கும் முன் கிரீஸிங், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது, கட்டாயம். இந்த இரண்டையும் விலைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பக்கக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. அட்டை 4, உள்ளே 16 என்றால், ஏ5 அளவில் அந்த 16 பக்கமும் 18-க்கு 25 அங்குலத் தாள் ஒன்றில் இரு புறமுமாக அடங்கிவிடும். இன்னும் இரண்டு படம் சேர்க்கலாம் என்று 24-க்குப் போனால் அச்சுத் தகடான பிளேட்டும் கூடும், தாளும் வீணாகும்.

எங்கே அச்சடிப்பது

மூன்று விலையும் வேறு வேறாக வந்ததற்குக் காரணம், மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பதுதான். ஒருவர் மேட் ஆர்ட் பேப்பர், ஒருவர் கோட்டிங் இல்லாத மேப்லித்தோ தாள், ஒருவர் டிஜிட்டல். ஒரே தாளில் எழுதி மூவருக்கும் அனுப்புங்கள்: அளவு, பக்கம், தாளின் வகையும் ஜிஎஸ்எம்மும், எத்தனை கலர், கோட்டிங், கிரீஸிங், நடுவில் பின் அடிப்பது, பிரதி எண்ணிக்கை, ப்ரூஃப் (அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரி), பேக்கிங், டெலிவரி. அப்புறம் ஒப்பிடுங்கள்.

300 பிரதி என்பது டிஜிட்டலுக்கும், பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டுக்கும் நடுவில் நிற்கும் எண். டிஜிட்டலில் பிளேட் செலவு இல்லை, ஆனால் டோனர் என்ற பொடி மை தாளின் மேலேயே உட்காருவதால் அடர்ந்த நிறம் மடிப்பில் உதிரும், உங்கள் நடுப்பக்கம் முழுக்கப் படம் என்பதால் இதை யோசிக்க வேண்டும். ஆஃப்செட்டில் பிளேட், மெஷின் செட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பிரதியின் விலை கூடும், பச்சையை மெஷின் பக்கத்தில் நின்று திருத்த முடியும். எனக்கு ஆஃப்செட்தான், அதுவும் கோவையில். மேட்டுப்பாளையம் வழியே காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடலாம், முதல் தாள் ஓடும்போது பக்கத்தில் நிற்கலாம். விருந்தினர் தாளை, அக்வஸ் பூச முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு, ஊட்டியிலேயே டிஜிட்டலில், தேவைக்கு 200, 300 என்று அடித்துக்கொள்ளுங்கள். சிவகாசி பெரிய எண்ணிக்கைக்குத்தான் லாபம், அதோடு ஆடிப்பெருக்கில் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதில் இருந்து வருடக் கடைசி வரை காலண்டர், டைரி வேலை நெரிக்கும் ஊர், நீங்கள் கேட்கும் ஜனவரிக்கு 300 பிரதி அங்கே வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

ப்ரூஃப், படங்கள், லோகோ

ஸ்கிரீனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அச்சாகப் போகும் அதே தாளில் கலர் ப்ரூஃப் கேளுங்கள், அதற்குப் பணம் கேட்டால் கொடுங்கள். ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அப்புறம் வாங்குவோரைச் சந்திக்கும் அறையின் விளக்கிலும் பாருங்கள். திருப்தி என்றால் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒன்றை அவர்களிடமும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். நாளைக்கு நிறம் மாறி வந்தால் பேசுவதற்கு உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான். டிபாஸ், ஃபாயில் எதுவானாலும் அதே போர்டில் ஒரு மாதிரி அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நீங்களே முதல் உரிமையாளர். விருந்தினர் இன்ஸ்டாகிராமில் போட்ட படம் அப்படி இல்லை, எழுதிக் கேட்டு வாங்குங்கள். டிசைன் உரிமையும், பின்னால் திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைலும் உங்களுக்கு வேண்டுமானால் டிசைனரிடம் எழுத்தில் வாங்க வேண்டும், பில் கட்டியதால் தானாக வந்துவிடாது. டீ போர்டின் நீலகிரி லோகோ அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான், இருக்கிறதா என்று கணவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் குன்னூரில் இருக்கும் டீ போர்டு அலுவலகத்தில் விசாரியுங்கள், கைக்கு அனுமதி வரும்வரை பின் அட்டையில் வேண்டாம்.

கடைசியாகப் பார்சல். 50 பிரதிக் கட்டாகப் பழுப்புத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் தரச் சொல்லுங்கள். கோவை வெயிலில் இருந்து ஏறி வந்த பெட்டியை வந்தவுடன் பிரிக்காமல், தரையில் வைக்காமல், ஒரு இரவு அறைக்குள் விடுங்கள். மறுநாள் பிரித்து, வெவ்வேறு கட்டில் இருந்து பத்துப் பிரதி எடுத்துக் கையெழுத்திட்ட ப்ரூஃபோடு வைத்துப் பாருங்கள், மடிப்பையும் பின்னையும் பாருங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அன்றைக்கே போட்டோவோடு எழுதி அனுப்புங்கள், மீதிப் பணத்தை அதற்கு அப்புறம் கட்டுவதாக ஆர்டர் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.